ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கு ஏசி பூட்டித் தந்த கோண்டாவில் கராஜ்

பழைய காருக்கு ஏசி பூட்டலாமா, பூட்டினால் எஞ்சின் தாங்குமா என்று எனக்குத் தொடர்ந்து கேள்வி வருகிறது. கேட்பவர்கள் என்னுடைய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ60, கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி கல்யாண ஊர்வலத்தில் போவதைப் பார்த்தவர்கள். பூட்டலாம், தாங்கும். ஆனால் யாருடைய கையில் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் கொடுத்தது யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கும் கராஜில். பெயர்ப்பலகை இல்லை. கைநிறைய வேலை கிடக்கிறது, பெயரும் நம்பரும் போட வேண்டாம் என்று கராஜ் நடத்துகிற அண்ணை கேட்டுக்கொண்டதால் போடவில்லை. அந்தப் பக்கம் மொறிஸ் மைனரோ ஏ40 சோமசெற்றோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் வழி காட்டுவார்கள்.

முதலில் என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் காரை நான் கல்யாணங்களுக்கு ஓட்டுகிறேன். வைகாசி, ஆனி, ஆவணி என்று முகூர்த்தம் வருகிற மாதங்களில் வெயிலும் சேர்ந்தே வரும். கூறைச்சேலை, மாலை, தலைநிறையப் பூ, முகத்தில் மணிக்கணக்காகச் செய்த அலங்காரம், இத்தனையோடும் மணப்பெண் பின்சீற்றில் இருப்பாள். கண்ணாடியை இறக்கினால் புழுதி, ஏற்றினால் வேர்வை. அதோடு இந்தக் கார் ஓடுகிற ஓட்டமும் சாதாரண ஓட்டமில்லை. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஒரு காரின் ரேடியேற்றருக்கும் பற்றறிக்கும் ஏசிக்கும் இதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது.

வேறொரு இடத்தில் முதலில் விசாரித்தேன். காரைச் சுற்றிப் பார்த்த கையோடு விலை சொன்னார்கள். டாஷ்போட்டை வெட்டி, வான் ஒன்றிலிருந்து கழற்றிய ஏசி முகப்பைப் பொருத்தித் தருவார்களாம். இத்தாலியின் பினின்ஃபரீனா வரைந்த உடல் இது. 1961 முதல் 1969 வரை மட்டும் செய்த கார். அந்த டாஷ்போட்டை ஒருமுறை வெட்டினால் வெட்டியதுதான். நான் திரும்பி வந்துவிட்டேன்.

கோண்டாவில் அண்ணை ஏசியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து ரேடியேற்றர் மூடியைத் திறந்தார். உள்ளே விரலை விட்டு எடுத்து எனக்குக் காட்டினார். விரல் நுனியில் சுண்ணாம்பு.

"தங்கச்சி, ஏசியைப் பிறகு கதைப்பம். முதல் இதைப் பாருங்கோ. எங்கட கிணத்துத் தண்ணி."

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் இதை நன்றாகக் கேட்க வேண்டும். எங்கள் நிலத்தடி நீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருகிறது. கேத்தலில் வெள்ளையாகப் படிகிற அதே சுண்ணாம்பு ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. வருடக்கணக்காக வாளியால் அள்ளி ஊற்றிய தண்ணீர் அது. ஏசி பூட்டும்போது கொண்டென்சரை ரேடியேற்றருக்கு முன்னால்தான் வைக்க வேண்டும். காருக்குள் இருந்து எடுத்த சூட்டை அது வெளியே விடும். அந்தச் சூடான காற்றுத்தான் பிறகு ரேடியேற்றருக்குள் போகும். ஏற்கெனவே பாதி அடைபட்ட ரேடியேற்றர் அதை எப்படித் தாங்கும்? ஏசி பூட்டிய பழைய கார்கள் கொதித்து நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், பழி மட்டும் ஏசியின் தலையில் விழுகிறது.

அண்ணை ரேடியேற்றரைக் கழற்றி, பழைய பித்தளைத் தொட்டிகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுப்பகுதியை மட்டும் ஒரு வரிசை கூடிய புதிய கோராக மாற்றினார். பொனற்றைத் திறந்தால் பழைய முகம் மாறவில்லை. இனிமேல் வடித்த நீரும் கூலன்றும் மட்டும்தான். "கிணத்துத் தண்ணி ஊத்தினா என்னட்டைத் திரும்பி வராதேங்கோ" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

அடுத்தது மின்சாரம். இந்தக் கார் வந்தது லூகாஸ் சி40 டைனமோவோடு. நல்ல நிலையில் இருந்தாலும் அது தருவது 22 அம்பியர், அதுவும் எஞ்சின் நன்றாக ஓடும்போது. ஐட்லிங்கில் அநேகமாக ஒன்றும் வராது. ஏசியின் காற்றை ஊதுகிற புளோவரும், காஸை அமுக்குகிற கொம்பிரசரின் கிளச்சும், கொண்டென்சர் ஃபானும் சேர்ந்தாலே அந்தக் கணக்குத் தீர்ந்துவிடும். ஊர்வலத்தில் ஊர்ந்து போகும்போது பற்றறி இறங்கிக்கொண்டே போகும். எனவே டைனமோ போய், ஐட்லிங்கிலும் மின்சாரம் தருகிற அல்ரனேற்றர் ஒன்று ஜப்பான் கார் ஒன்றிலிருந்து வந்தது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பற்றறியின் பொசிற்றிவ் முனையை உடலோடு பூட்டியிருப்பார்கள். அல்ரனேற்றருக்கு அது நேர்மாறாக வேண்டும். மாற்றாமல் பூட்டினால் அல்ரனேற்றர் அந்த நிமிடமே எரிந்துபோகும். அண்ணை பற்றறி வயர்களையும் இக்னிஷன் கொயில் வயர்களையும் மாற்றிப் போட்டார். அதற்கு முன்பே அப்பாவின் பழைய ரேடியோவைத் துண்டித்துவிட்டார். முனை மாறினால் அது கெட்டுவிடும் என்று எனக்குத் தெரியாது, அவராகவே செய்தார். கழற்றிய டைனமோ, ரெகுலேற்றர், பழைய பிறாக்கெற், ஆணிகள் எல்லாவற்றையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பெட்டியில் போட்டுத் தந்தார். நாளைக்குக் காரைப் பழையபடி ஆக்க நினைத்தால் ஆக்கலாம். இந்தக் கராஜில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது.

எஞ்சினையும் சோதித்தார். 1622 சிசி, புதிதாக இருந்தபோதே 61 குதிரைவலுத்தான். கொம்பிரசர் அதிலும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். நாலு சிலிண்டரிலும் அமுக்கம் பார்த்து, ஒன்றுக்கொன்று கிட்டக் கிட்ட இருப்பதைக் கண்ட பிறகுதான் சம்மதித்தார். அவர் தொழில் பழகியது தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோலை ஒரு சின்னப் போத்தலில் வைத்து, காபரேற்றருக்குள் நாலு துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி, அப்புறம் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும், வால்வுகளில் கரி படியும், பெயரிங் தேயும். அந்த நாட்களில் ஓடிய கார் ஒவ்வொன்றின் வயிற்றிலும் என்ன நடந்திருக்கும் என்று அவருக்குக் கைப்பாடம். எங்கள் காரும் அப்படி ஓடியதுதான். அதன் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் பிறகு திருத்தியிருக்கிறார்கள் என்று சொன்னார்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் ஏசி. கொம்பிரசர் சண்டன் 507, ஒரு சுற்றுக்கு 108 சிசி. 138 சிசி உள்ள 508தான் இப்படியான வேலைகளுக்கு அதிகம் பூட்டப்படுவது, ஆனால் இந்த எஞ்சினுக்கு அது கொஞ்சம் பாரம் என்றார். பிறாக்கெற்றை லேத் பட்டறையில் செய்வித்து எஞ்சினோடே பூட்டினார், காரின் உடலோடு அல்ல. ரப்பர் தாங்கிகளில் எஞ்சின் ஆடும்போது கொம்பிரசரும் அதோடு சேர்ந்து ஆட வேண்டும், இல்லையென்றால் பெல்ற் தின்னும். கப்பிகள் ஒரே நேரில் இருக்கின்றனவா என்று இரும்பு அளவுகோலை வைத்துப் பார்த்து, ஒரு மெல்லிய வாஷரை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்து, அரைநாள் அதிலேயே போனது. கூலிங் கொயில் டாஷ்போட்டுக்குக் கீழே, இடது பக்கம். குழாய்கள் உள்ளே வருவது, ஹீற்றருக்கென்று விட்டுத் தகட்டால் மூடியிருந்த பழைய துவாரத்தால். புதிதாக உடலில் ஒரு ஓட்டை கூடப் போடவில்லை.

பழைய கார்களிலிருந்து கழற்றிய ஏசி சாமான்களைச் சிலர் மலிவென்று கொண்டுவந்து பூட்டச் சொல்வார்களாம். அவர் மறுத்துவிடுவார். அவை ஆர்12 என்ற பழைய குளிரூட்டும் காஸுக்குச் செய்தவை. ஓசோன் படலத்தைக் கெடுக்கிற அந்தக் காஸ், 1987 மொன்றியல் உடன்படிக்கைக்குப் பிறகு படிப்படியாக நிறுத்தப்பட்டது. இப்போது அடிப்பது ஆர்134ஏ. பழைய கொம்பிரசரில் இருக்கிற மினரல் ஒயில் இதோடு கலக்காது, பழைய ரப்பர் ஹோஸ்களாலும் இது கசிந்துவிடும். ஹோஸ், ட்ரையர், எக்ஸ்பான்ஷன் வால்வ், ஒயில் எல்லாம் புதிதாகவே போட வேண்டும்.

காஸ் அடிக்கிற இடத்தில்தான் ஒரு ஏசிக் கடையின் தரம் தெரியும். கோடைக்குக் கோடை காஸ் அடித்துக்கொண்டு திரிபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அண்ணை முதலில் நைதரசன் அடித்து, மூட்டுக்கு மூட்டு சவர்க்கார நுரை தடவி, ரோச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கூலிங் கொயிலுக்குப் போகிற ஒரு மூட்டில் மட்டும் கடுகளவு குமிழி ஒன்று வந்து உடைந்தது. கழற்றி ரப்பர் வளையத்தை மாற்றினார். பிறகு வெற்றிடப் பம்ப். அமுக்கம் காட்டும் நீல கேஜின் முள் பூச்சியத்துக்குக் கீழே இறங்கி 29 அங்குலத்துக்குக் கிட்டப் போய் நின்றது. குழாய்க்குள் இருக்கிற ஈரம் அந்த வெற்றிடத்தில் கொதித்து ஆவியாகி வெளியே போகிறது. ஈரம் மிஞ்சினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைக்கும், கொம்பிரசரை உள்ளிருந்து அரிக்கும். பம்பை நிறுத்தி, கேஜைக் கழற்றாமல், காரை இரவு முழுக்க அப்படியே விட்டார். காலையில் நான் போனபோது கேஜுக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். முள் அசையவில்லை. அதன் பிறகுதான் காஸ் போத்தலைத் தராசில் வைத்தார்.

குளிரைப் பிடித்து வைப்பதும் இதில் ஒரு பெரிய வேலை. பெடல்கள் வருகிற துவாரங்களின் ரப்பர் பழுதாகிக் கிடந்தது, கதவு ரப்பர்கள் கல்லாகியிருந்தன. கதவு ரப்பரை லண்டனில் இருந்து வந்த மச்சான் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அங்கே இன்னும் இந்தச் சாமான்கள் புதிதாகச் செய்கிறார்கள். கூரைத் துணிக்கு மேலே வெள்ளீயத்தாள் ஒட்டிய மெத்தை ஒன்று போட்டோம். வெயிலில் நின்ற காரின் கூரையை உள்ளிருந்து தொட்டால் வித்தியாசம் தெரிகிறது.

சரி, குளிர் எப்படி? நல்ல மத்தியானத்தில் கராஜ் முற்றத்திலேயே காரை ஐட்லிங்கில் விட்டு, காற்று வருகிற வாயில் வெப்பமானியைச் செருகிப் பார்த்தோம். 14 பாகையில் நின்றது. ஓடும்போது 9க்கு இறங்குகிறது. கொம்பிரசர் பிடித்தவுடன் எஞ்சின் திணறாமல் இருக்க, அக்சிலேற்றரைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கிற சின்ன வெற்றிட இயங்கி ஒன்று பூட்டியிருக்கிறார். இணுவிலில் நடந்த ஒரு கல்யாணத்தில், மேளம் ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று வாசிக்க, கார் அதற்குப் பின்னால் நின்று நின்று போனது. வெப்பமுள் நடுவைத் தாண்டவில்லை. மணப்பெண்ணின் அம்மா, இறங்கும்போது, "பிள்ளையின்ர பொட்டுக் கூடக் கலையேல்லை" என்றார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பின்சீற்றுக்குக் குளிர் போய்ச் சேர நேரம் எடுக்கும். ஆட்களை ஏற்றுவதற்கு முன்பே ஏசியைப் போட்டுக் காரைக் குளிர்த்தி வைக்கிறேன். ஏ9 வீதியில் லொறியை முந்துவதென்றால் ஏசியை நிறுத்திவிட்டுத்தான் முந்த வேண்டும். பெற்றோலும் கூடத்தான் போகிறது. கராஜைப் பொறுத்தவரை, சொன்ன திகதிக்கு முடியாது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து சாமான் வரவில்லை, லேத்காரர் கோயில் திருவிழாவுக்குப் போய்விட்டார் என்று தள்ளிக்கொண்டே போகும். வேலை நடக்கும்போது போன் எடுக்கமாட்டார். நேரே போனால்தான் கதைக்கலாம். கணக்கை ஒரு கொப்பித் தாளில் எழுதித் தருவார், சாமான் வாங்கிய பற்றுச்சீட்டுகளை அதோடு குத்தி வைப்பார். எனக்கு ரேடியேற்றர், அல்ரனேற்றர் எல்லாம் சேர்த்து நாலு இலட்சத்துக்குக் கிட்ட முடிந்தது. அதில் அவருடைய கூலி மிகவும் குறைவு என்றே நினைக்கிறேன், அதை அவரிடமும் சொன்னேன்.

ஏசி தேவையில்லாதவர்களும் இவரிடம் ஒருமுறை காரைக் காட்டுவது நல்லது. முக்கியமாக மொறிஸ் மைனர் வைத்திருப்பவர்கள். முன்சில்லைத் தாங்குகிற மரையுள்ள மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்று, சில்லு பக்கவாட்டில் மடிந்து கார் தரையில் இருந்துவிடும். நான் நின்ற வேளையிலேயே ஒரு மைனரின் மூட்டைக் கழற்றி, மரை போன இடத்தை அதன் சொந்தக்காரருக்கு விரலால் தடவிக் காட்டினார். ஐந்து வருடம் வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் இந்தக் கார்கள்தான் பல வீடுகளுக்குக் கால். 2025 இல் இறக்குமதி திறந்த பிறகும் அவருடைய முற்றம் குறையவில்லை.

போகிறவர்கள் காலையிலேயே போங்கள். எஞ்சின் ஆறியிருந்தால்தான் ரேடியேற்றர் பார்ப்பார். முகூர்த்த மாதத்துக்கு வேண்டுமென்றால் மார்கழியிலேயே காரைக் கொடுத்துவிடுங்கள். அந்த மாதத்தில் கல்யாணம் இல்லை, கார் கராஜில் நின்றாலும் பிழைப்புக் கெடாது.