சீழைத் துடைப்பதா, சதையைக் கிள்ளி எடுப்பதா?

பாம்பன், மண்டபம் பக்கம் கெளுத்தி முள் குத்தாத கை அபூர்வம். பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆறாதபோது எந்த டெஸ்ட் எடுப்பது என்பதில்தான் காசும் நாளும் போகிறது.

எங்கள் சித்தி பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றியிருந்தும் பாறை கிழித்துவிட்டது. கீறல் ஆறி மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி, வலி அதிகமில்லை. அப்புறம் புறங்கை, முன்கை என்று மேலே ஏறி வரிசையாக இன்னும் மூன்று. சீழைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து கல்ச்சருக்கு, அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்க, கொடுத்தோம். இரண்டு நாளில் ‘எதுவும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட்.

வளராததற்குக் காரணம் உண்டு. இப்படி மெதுவாக, வரிசையாக ஏறும் கட்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது மைக்கோபாக்டீரியம் மரைனம், காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி. 30 டிகிரி சூட்டில்தான் ஒழுங்காக வளரும், அதற்கே வாரக்கணக்காகும். லேபில் வழக்கமாக வைக்கும் 37 டிகிரியில் சண்டித்தனம் பண்ணும். காசநோய்க்குப் பார்க்கும் சிபிநாட் மெஷினிலும் சிக்காது.

அதனால் இதற்கு என் ஓட்டு பயாப்ஸிக்குத்தான். மரத்துப்போக ஊசி போட்டு மிளகளவு சதை எடுக்கிறார்கள், ஒன்றிரண்டு தையல், அவ்வளவுதான். இதே மாதிரி வரிசையாக ஏறும் ஒரு பூஞ்சைத் தொற்றும் உண்டு, அதையும் இந்தச் சதையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் மொத்தத்தையும் ஃபார்மலினில் (சதை கெடாமல் வைக்கும் மருந்துநீர்) போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சர் பண்ண முடியாது. ஒரு துண்டு ஃபார்மலினில், இன்னொன்று சலைனில் (மருத்துவ உப்புநீர்) போக வேண்டும். இதைக் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சரி, குச்சி வீணா என்றால் அப்படியுமில்லை. முள் குத்திய ஒரே நாளில் கை வீங்கி, ஊதா நிறத்தில் கொப்புளம் கிளம்பி, காய்ச்சலும் அடித்தால் அது விப்ரியோ என்ற கடல்நீர்க் கிருமியாக இருக்கலாம். கொப்புள நீரிலும் ரத்தத்திலும் சீக்கிரமே வளர்ந்து காட்டிவிடும். ஆனால் ரிப்போர்ட் வரும்வரை வீட்டில் உட்காரக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு உயிருக்கே ஆபத்து.

மீன் வெட்டுகிறவர்களுக்கு வரும் இன்னொரு தொற்றில், காயம் பட்ட ஒரு வாரத்துக்குள் விரல் கருஞ்சிவப்பாகி எரியும், சீழே இருக்காது. அதை அனுபவமுள்ள டாக்டர் கண்ணால் பார்த்தே பெனிசிலின் எழுதிவிடுவார்.

சித்திக்குப் பயாப்ஸி எடுத்து வைத்த கல்ச்சரில் ஐந்தாவது வாரம்தான் கிருமி வளர்ந்தது. அதற்குள் டாக்டர் மாத்திரையை ஆரம்பித்திருந்தார், மொத்தம் நான்கு மாதம். முதல் லேப் சீட்டை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். ‘கையில் கட்டி’ என்று மட்டும் இருந்தது, கடல் என்ற சொல்லே இல்லை.