ஹெரால்டின் அடிவயிறு: வெல்டிங்குக்கு முழு மார்க், கருப்புப் பூச்சுக்குப் பாதிதான்

ஸ்க்ரூடிரைவர் பிடி வரைக்கும் உள்ளே போயிற்று. சும்மா தட்டிப் பார்க்கலாம் என்றுதான் வைத்தேன், அழுத்தக்கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கருகருவென்று தார் பூசி, "அடி நல்லா இருக்கு சார்" என்று எந்த மெக்கானிக்கும் சொல்லிவிடுகிற மாதிரி இருந்த இடம் அது. உள்ளே தகடே இல்லை, தாரும் துருவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன. வண்டி 1967 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, மாமா வைத்திருந்தது. அன்றைக்கு ஆரம்பித்த வேலை, பூந்தமல்லி தாண்டி ஒரு பழைய கார் பட்டறையில் பதினோரு வாரமும் 1,78,000 ரூபாயும் தின்றுவிட்டு முடிந்தது. அடிப்பாகம் மட்டும்தான், மேல் பெயின்ட் இதில் சேர்த்தி இல்லை.

பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. பாராட்டவும் போகிறேன், திட்டவும் போகிறேன், இரண்டும் ஒரே ஆட்களைத்தான். தவிர, அடுத்த வேலைக்கும் அங்கேதான் போய் நிற்க வேண்டும்.

ஹெரால்டைப் பார்த்தே இராதவர்களுக்குக் கொஞ்சம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் கம்பெனி 1959-ல் விட்ட கார், வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. 1961-லிருந்து நம்ம மெட்ராஸிலேயே, வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் பேக்டரியில் தயாரானது. அம்பாசடரிலும் பத்மினியிலும் பாடியும் தளமும் ஒரே உடம்பு, தனியாகப் பிரிக்க முடியாது. ஹெரால்டில் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம், தனி, பாடி அதன் மேல் போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும். நடுவில் ஓடும் இரண்டு சட்டங்களிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீளும், அவுட்ரிகர் என்பார்கள், எங்கள் மேஸ்திரிக்கு அது "ரெக்கை". இந்த ரெக்கைகள்தான் ஹெரால்டில் முதலில் போகும். சக்கரம் அடிக்கிற சேறு நேராக அங்கே போய் அப்பிக்கொள்ளும், பெட்டி மாதிரி மூடின வடிவம் என்பதால் உள்ளே போன ஈரம் வெளியே வராது. என் வண்டியில் நான்கில் மூன்று காலி.

பாடியைத் தூக்கிவிட்டால் சேஸிஸை நிறுத்தி வைத்து நான்கு பக்கமும் வேலை செய்யலாம் என்பது பெரிய வசதி. ஆனால் சும்மா தூக்கினால் பாடி வளைந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு சரியாக மூடாது. இந்த இடத்தில்தான் பட்டறையின் மேல் முதல் மரியாதை வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கதவு வாசலில் குறுக்கே ஆங்கிள் கம்பி வைத்து வெல்டு அடித்துவிட்டுத்தான் போல்ட்டில் ஸ்பேனரை வைத்தார்கள். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் பேக்கிங்குகள் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண்ணிக்கை. எந்த இடத்தில் எத்தனை என்று தகரத் துண்டில் ஆணியால் கீறி, கம்பியில் கோத்து, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார் மேஸ்திரி. காகிதத்தில் எழுதினால் கிரீஸ் பட்டு அழிந்துவிடுமாம். பதினோரு வாரம் கழித்துப் பாடியை இறக்கினபோது கதவு "டப்" என்று மூடியது, அந்தப் பாட்டிலுக்குத்தான் புண்ணியம்.

தார் சுரண்டுவது நரகம். ஹீட் கன்னில் சூடு காட்டி, அகலமான ஸ்கிரேப்பரால் இழுக்க வேண்டும், பிசுபிசுவென்று நீளமாக வரும். இரண்டு பையன்கள் நான்கு நாள் செய்தார்கள். இதைச் செய்யாமல், காற்றழுத்தத்தில் மணல் அடித்துச் சுத்தம் செய்கிற பிளாஸ்டிங்குக்கு நேராகப் போனால் மணல் தாரில் பட்டுத் திரும்பிவிடும், தகட்டைத் தொடாது. அப்புறம் சேஸிஸை அம்பத்தூரில் ஒரு பிளாஸ்டிங் யார்டுக்கு ஏற்றிவிட்டார்கள். அங்கே ஆற்று மணலோ கடல் மணலோ இல்லை, கார்னெட் என்கிற கனிமப் பொடி. இது முக்கியம், சாதா மணலில் உள்ள சிலிக்கா தூள் அடிக்கிற ஆளின் நுரையீரலைக் காலி பண்ணிவிடும். காற்று வரும் ஹெல்மெட் போட்டு அடித்தார்கள், பார்க்க நிம்மதியாக இருந்தது. திரும்பி வந்த சேஸிஸ் வெளிறிய சாம்பல் நிறத்தில், கை வைத்தால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பாக இருந்தது. பிரைமர் என்கிற அடிப்பூச்சு பிடிக்க அந்தச் சொரசொரப்புதான் வேண்டும். துரு தின்ற ஓட்டைகள் எல்லாம் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன, ஒரு இடத்தில் யாரோ பழைய எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப் போட்டு மேலே பட்டி பார்த்திருந்தார்கள். டின்னில் பாதி எழுத்து இன்னும் படிக்க முடிந்தது!

வெல்டிங்கைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. ஊரில் பாதிப் பேர் செய்வது, ஓட்டையின் மேல் தகட்டைப் போர்த்திச் சுற்றி வெல்டு அடித்து மூடுவது. பழைய துரு உள்ளேயே இருந்து புதுத் தகட்டையும் தின்னும். இவர்கள் நல்ல இரும்பு வரும் வரைக்கும் வெட்டி எடுத்துவிட்டு, 16 கேஜ் தகட்டை மடித்து ரெக்கையைப் புதிதாகவே செய்தார்கள், சிஓடூ வெல்டிங். ஒரே இழுப்பாக அடிக்காமல் இங்கே ஒரு அங்குலம், அந்தக் கோடியில் ஒரு அங்குலம் என்று மாற்றி மாற்றி, சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல். வெல்டர் அறுபது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். ஒவ்வொரு ரெக்கை முடிந்ததும் நூல் பிடித்து மூலைக்கு மூலை அளந்துவிட்டு, "பாருங்க தம்பி, ஒரு நூல் கூட ஓடல" என்று ஒரு தடவை சொல்வார், அவ்வளவுதான்.

வேலை லேட்டானதில் பாதி என்னால்தான் என்று ஒத்துக்கொள்கிறேன். ஆவணியில் கொடுத்தேன், மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று கணக்கு, நடுவில் பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தருகிற டிஃபரன்ஷியலையும் பிரிக்கலாமே என்று எனக்கு ஆசை வந்தது, ஐப்பசி வந்துவிட்டது. மொட்டை இரும்பு சென்னைக் காற்றில் நிற்கவே நிற்காது, காலையில் பிளாஸ்ட் பண்ணினால் சாயங்காலத்துக்குள் மஞ்சள் பூத்துவிடும், அதனால் பிளாஸ்டிங் முடிந்த அன்றே முதல் கோட் எபாக்ஸி பிரைமரை அங்கேயே அடித்துத்தான் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். வெல்டு அடித்த இடங்களைத் தேய்த்துவிட்டு இரண்டாவது கோட் அடிக்க வேண்டிய நாளில் மழை. பெயின்டர் கன்னைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார். நான் அவசரப்பட்டுக் குதித்தேன். அவர் சட்டத்தைக் கையால் தடவி, "வேர்க்குது பாருங்க சார், இதுமேல அடிச்சா பட்டையா கழண்டு வரும்" என்றார். சரியான பேச்சு. காற்றின் ஈரம் பனியாகப் படிகிற சூட்டை விட இரும்பு குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கோட்டிங் தொழிலில் எல்லா இடத்திலும் உள்ள விதி. அவர் மீட்டர் இல்லாமல் உள்ளங்கையால் பார்க்கிறார். ஆறு நாள் காத்திருந்தோம், ஏழாம் நாள் வெயில்.

ஒரே ஒரு சண்டை இங்கே. டூகே என்கிற இரண்டு டப்பா பாலியூரித்தேன் பெயின்ட்டில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது, மூச்சுக்குள் போனால் ஆஸ்துமாவே வரலாம். உதவிக்கு நின்ற பையன் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் கத்தின பிறகுதான் வடிகட்டி வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க் வந்தது, வெளியே போய் வாங்கிக்கொண்டு வந்தார்கள். பட்டறையில் அதுவரை இல்லவே இல்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம்தான்.

அந்த மாஸ்க்கை விட்டால் இது வரைக்கும் எல்லாம் பொன். கருப்புப் பூச்சில்தான் சொதப்பினார்கள். நான் சொல்லிவிட்டு வந்தது தெளிவாக: மூட்டுகளுக்குச் சீலர், சக்கரத்துக்கு உள்பக்கம் மட்டும் கல் தெறிப்பைத் தாங்குகிற ஸ்டோன்சிப் கோட்டிங், சேஸிஸுக்கு பாதிப் பளபளப்பான மெல்லிய செமிகிளாஸ் கருப்பு, அவ்வளவே. இரண்டு நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் மொத்த அடிப்பாகத்துக்கும் ரப்பரைஸ்டு அண்டர்கோட்டிங்கை மெத்து மெத்தென்று அடித்து வைத்திருக்கிறார்கள். "ஃப்ரீயாவே போட்டுட்டோம் சார், சவுண்டும் வராது." பார்வைக்கு ஷோரூம் மாதிரிதான் இருக்கிறது, யாரும் மயங்குவார்கள். ஆனால் நான் சுரண்டித் தள்ளிய தாரும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்திருக்கும். இந்த வகைப் பூச்சு வருஷம் போகப் போக இறுகி வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் போகும், போன தண்ணீர் அடியிலேயே உட்காரும், வெளியே ஒன்றும் தெரியாது.

அதைவிட மோசம், சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டைகள் அத்தனையும் அடைபட்டுப் போயின. ஒரு சைக்கிள் போக்ஸ் கம்பியை வைத்துக்கொண்டு நானே மல்லாந்து படுத்து ஒவ்வொன்றாகக் குத்தித் திறந்தேன். முன் சக்கரம் திரும்புகிற கீழ் மூட்டான டிரனியனில், ஆயில் விடும் வழியை அடைத்திருக்கும் பிளக்கையும் மூடிவிட்டார்கள். ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்: அந்த இடத்துக்கு கிரீஸ் கூடாது, இபி 90 கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறுகி, உள்ளே வறண்டு, மரை தேய்ந்து, ஒரு நாள் திருப்பத்தில் சக்கரம் மடங்கிக்கொள்ளும். பிளக் கண்ணில் படாவிட்டால் அடுத்து சர்வீஸ் செய்கிறவர் எதையுமே விடப்போவதில்லை. நான் காட்டியதும் அந்த வெல்டர் பெரியவர்தான் பையனை விளாசினார், அவர் வாயிலிருந்து இத்தனை வார்த்தை வந்ததை அன்றுதான் பார்த்தேன்.

முதலாளி மறுக்கவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். சேஸிஸ் சட்டத்தில் இருந்ததை முழுக்க எடுத்துவிட்டு நான் கேட்ட செமிகிளாஸை அடித்துக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. தளத்தின் அடியில் இருப்பதை எடுக்கத் திரும்ப மூன்று வாரம் ஆகும் என்றார், அதை மட்டும் விட்டுவிட்டேன். மனசு இன்னும் ஒப்பவில்லை. பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்ட வைக்கிற பவுடர் கோட்டிங் பண்ணிக்கொள்ளுங்கள் என்றும் ஆரம்பத்தில் ரொம்ப வற்புறுத்தினார். நான் வேண்டாம் என்றதற்குக் காரணம், கல் பட்டு ஒரு இடத்தில் பெயர்ந்தால் துரு அதன் அடியிலேயே ஓடும், அந்த இடத்தை மட்டும் சரிசெய்ய முடியாது. பெயின்ட் என்றால் தேய்த்துத் தொட்டுவிடலாம்.

சட்டத்தின் உள்பக்கத்துக்கு அவர்கள் வழக்கம் பழைய இன்ஜின் ஆயில் அடிப்பது. நம்ம ஊர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் காலங்காலமாக நடப்பதுதான், ஆனால் ரப்பர் புஷ்களை அது ஊற வைத்துக் கெடுக்கும். சட்டத்துக்குள்ளே துரு பிடிக்காமலிருக்கத் தெளிக்கிற கேவிட்டி வாக்ஸ் என்கிற மெழுகை நானே வாங்கிக் கொடுத்தேன், சுற்றிலும் தெளிக்கிற நீளக் குழாய் வைத்த டப்பா. ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் வாக்ஸ் சொட்டுகிற வரைக்கும் பொறுமையாக அடித்தார்கள்.

முதலில் சொன்ன கணக்கு 1,40,000, ஐந்து வாரம். டிஃபரன்ஷியல் புஷ்ஷும் பின்பக்கக் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் வேலையும் நான் சேர்த்தது, அதைக் கழித்தால் ரூபாயில் பெரிதாக ஏமாற்றவில்லை. பில்லில் ஒவ்வொரு தகடும் எழுதியிருந்தது. போட்டோ மட்டும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும், அனுப்பினாலும் பாதி கலங்கல்.

கார்த்திகையில் ஒரு நல்ல மழையில் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துக் கீழே படுத்துப் பார்த்தேன். திறந்துவிட்ட ஓட்டைகளில் இடது பின் ரெக்கையில் ஒன்று மட்டும் சொட்டவில்லை. திரும்பவும் போக்ஸ் கம்பி. ஒரு கைப்பிடித் தண்ணீர் முகத்திலேயே கொட்டியது, சிவப்பாக இல்லை, தெளிவாகத்தான் இருந்தது. தை பிறந்ததும் பிரேக் பைப் மாற்ற அதே பட்டறைக்குத்தான் வண்டி போகிறது, இந்தத் தடவை பெயின்ட் டப்பாவை நான் கையோடு கொண்டுபோய், மிச்சத்தை வீட்டுக்கே எடுத்து வந்துவிடுவதாக இருக்கிறேன்.