ஆறு வருடம், ஒரு சின்ன கிட்டார், மூன்று அளவுத் தந்திகள்

என் முதல் கிட்டார் ஒரு டிரெட்நாட், அதாவது பெரிய உடல் கொண்ட கிட்டார். கடையில் தொங்குவதில் முக்கால்வாசி அந்த உருவம்தான், அதனால் கிட்டார் என்றாலே அதுதான் என்று நினைத்திருந்தேன். 1916-இல் மார்ட்டின் நிறுவனம் இந்த உருவத்தைச் செய்தபோது பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை இதற்கு வைத்தார்கள். பொருத்தமான பெயர். நான் ஐந்தடி உயரம். வலது கையை அதன் மேல் போட்டால் தோள் காதை நோக்கி ஏறும். அரை மணி நேரம் வாசித்தால் இரவு தைலம் தேய்க்க வேண்டியதுதான்.

2019-இல் அதை விற்றுவிட்டு யமஹா எஃப்எஸ்800 வாங்கினேன். கடைக்காரர், “என்னம்மா, பாப்பாவுக்கா?” என்று கேட்டார். இல்லை, எனக்குத்தான். பெரியவர்களுக்கான கிட்டார்தான் இது. உடல் மட்டும் அதன் அக்கா எஃப்ஜி800-ஐவிட அகலத்தில் 3 செ.மீ., ஆழத்தில் கிட்டத்தட்ட 1 செ.மீ. குறைவு. மேல்பலகை இரண்டிலும் ஒன்றேதான், ஒட்டுப்பலகையாக இல்லாத முழு சிட்கா ஸ்ப்ரூஸ் மரம்.

வாங்கும்போது நான் கவனிக்காத விஷயம் ஸ்கேல், அதாவது நட்டிலிருந்து (கழுத்தின் முனையில் தந்தி உட்காரும் பட்டை) சேடில் (உடலில் தந்தி உட்காரும் பட்டை) வரை தந்தி அதிரும் நீளம். பெரியதில் 650 மி.மீ., இதில் 634. வெறும் 16 மி.மீ. என்று தோன்றும். ஆனால் இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே தந்தியை அதே சுருதிக்கு ஏற்றினால் இதில் சுமார் 5 சதவீதம் இழுப்பு குறைவு. விரல் அதை உடனே கண்டுகொள்ளும்.

சின்ன கிட்டார் பார்க்கப் போகிறவர்கள் கடையில் இன்னொருவரை வாசிக்கச் சொல்லி நான்கடி தள்ளி நின்று கேளுங்கள். மடியில் வைத்திருப்பவருக்குக் கேட்பதும் எதிரே கேட்பதும் வேறு வேறு. அப்புறம், முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்) ஒரே விரலால் எல்லாத் தந்திகளையும் அழுத்தும் எஃப் பார் கார்ட் பிடித்துப் பாருங்கள். அங்கே வலித்தால் நட் உயரமாக இருக்கிறதா என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

சரி, தந்திக்கு வருகிறேன். முதலில் 12-53 போட்டிருந்தேன் (செட்டில் மிக மெல்லிய, மிகத் தடித்த தந்திகளின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). ஸ்ட்ரம்மிங்குக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நான் பெரும்பாலும் விரலால் மீட்டுகிறவள். மெதுவாகத் தொட்டால் பலகை அசையவே இல்லை. எதிர்த் திசையில் ஒரேயடியாகத் தாவி 10-47 போட்டேன். விரல்களுக்குக் கொண்டாட்டம். ஒரு வாரத்தில் ஆறாம் தந்தி இரண்டாம், மூன்றாம் ஃப்ரெட்டில் கரகரக்க ஆரம்பித்தது. ஒரு பழுதுபார்ப்பவர் ஃப்ரெட்டைத் தேய்க்க வேண்டும் என்றார். தேய்த்தார், காசும் போனது, கரகரப்பு அப்படியே இருந்தது. உண்மையில் மெலிந்த தந்திகளின் இழுப்பு போதாமல், முன்னால் லேசாக வளைந்திருக்க வேண்டிய கழுத்து நேராகிவிட்டிருந்தது. கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பியான ட்ரஸ் ராடைக் கால் திருப்பு தளர்த்தியதும் சத்தம் நின்றது. இதை நான் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆனது.

பிறகு 11-52. நாலு வருடமாக இதுதான். மெல்லிய தந்திகள் இளக்கம், தடித்த தந்திகளில் இந்தச் சின்னப் பெட்டிக்குத் தேவையான கனம். உலோகத்தில் 80/20 வெண்கலம் (80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம்) போட்டுப் பார்த்தேன். முதல் வாரம் பளீரென்று இருக்கும், ஆனால் பேஸ் குறைந்த சின்ன உடலில் அது என் காதுக்குக் கிறீச்சிட்டது. பாஸ்பர் வெண்கலம் கொஞ்சம் உருண்டையாக ஒலிக்கிறது. திருவல்லிக்கேணியில் கடற்காற்றும் கை வேர்வையும் சேர்ந்து சாதாரணத் தந்தியை மூன்று வாரத்தில் மந்தமாக்கிவிடும். மேல்பூச்சு உள்ள செட்டுக்கு இரு மடங்கு விலை கொடுக்க மனம் ஒப்பவில்லை. ஆனால் மூன்று, நான்கு மாதம் வருவதால் கணக்குக்கு அதுவே மலிவு.

தந்தி மாட்டுவதில் முதல் முறை நடந்தது: சுருதி ஏற்றிக்கொண்டிருக்கும்போது தந்தியின் முனையை உடலில் பிடித்துவைக்கும் பிரிட்ஜ் பின் ஒன்று ‘டப்’ என்று எகிறி எவர்சில்வர் டம்ளரில் போய் விழுந்தது. தந்தி முனையிலுள்ள உருண்டை பின்னின் நுனியிலேயே உட்கார்ந்திருந்ததுதான் காரணம். இப்போது உருண்டைக்குப் பக்கத்தில் தந்தியைச் சற்றே வளைத்து உள்ளே விடுவேன். பின்னின் பள்ளம் தந்தியைப் பார்த்திருக்க வேண்டும். பின்னைக் கட்டைவிரலால் லேசாக அழுத்தியபடி தந்தியை மேலே இழுத்தால், உருண்டை உள்பலகையில் ‘டிக்’ என்று போய் மாட்டுவது கைக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் முறுக்க ஆரம்பிப்பேன். தடித்த தந்திக்கு இரண்டு சுற்று, மெல்லியதற்கு மூன்று, ஒன்றன்கீழ் ஒன்றாக. டாடாரியோ செட்டில் உருண்டைகளின் நிறத்தை வைத்தே தந்தியை அறியலாம்: சிவப்பு ஐந்தாவது, பச்சை மூன்றாவது, ஊதா இரண்டாவது.

குறைகள் உண்டு. தபலாவும் ஹார்மோனியமும் சேர்ந்த பஜனையில் இந்தக் கிட்டார் இருக்கிற இடம் தெரியாது. ஐப்பசி மழையில் பலகை ஈரம் குடித்து உப்பி, பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் 2.5 மி.மீ. இருக்கும் ஆக்‌ஷன் 3-க்கு ஏறிவிடுகிறது (தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியைத்தான் அப்படிச் சொல்கிறோம்). பைக்குள் சிலிக்கா ஜெல் போட்டு ஜிப்பை மூடி வைக்கிறேன், ஓரளவு கட்டுப்படுகிறது.

இப்போது முதல் இரண்டு தந்திகளுக்குக் கீழே ஒன்றாம், இரண்டாம் ஃப்ரெட்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. இந்த முறை நிஜமாகவே ஃப்ரெட் தேய்க்க வேண்டும். நல்ல கையாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.