உடுப்பி மழைக்கு மூட்டை கட்டுவது: சில வருடப் பயன்பாட்டில் உழைத்தவையும் உழைக்காதவையும்

மகள் மணிப்பாலில் படிக்கச் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும் சென்னையிலிருந்து கர்நாடகக் கடற்கரைக்குப் போய்வருகிறோம். அவளைப் பார்த்த கையோடு உடுப்பி, மரவந்தே, முருடேஸ்வர், கோகர்ணம் என்று கொஞ்சம் சுற்றிவிட்டுத் திரும்புவோம். என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. கடையில் வாங்கிய புதிதில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். சில மழைக்காலங்களுக்குப் பிறகு எது என்ன கதியில் இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயம்.

அந்த மழையின் குணத்தை முதலில் சொல்ல வேண்டும். சென்னைக்கு வருடம் முழுக்கக் கிடைப்பது சுமார் 1,400 மி.மீ. மங்களூரில் ஜூலை மாதம் மட்டுமே 1,000 மி.மீ.ஐ ஒட்டிக் கொட்டும். தென்மேற்குக் காற்று கடலிலிருந்து அள்ளிவரும் ஈரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி, மேலேறிக் குளிர்ந்து, முக்கால்வாசி அந்தப் பக்கமே இறங்கிவிடுகிறது. நமக்கு மிச்சம்தான். மலைக்கும் கடலுக்கும் இடையே குறுகலாகக் கிடக்கும் நிலம் அது. அதற்காக நாள் முழுக்க ஒரே சீராகப் பெய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. சுள்ளென்று வெயில் அடிக்கும், கடைக்காரர் வாசலில் சாமான்களை எடுத்து வைப்பார், பத்து நிமிடத்தில் கடல் பக்கமிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு திரை வரும், அவ்வளவுதான். மரவந்தேயில் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைக்கு ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சௌபர்ணிகா ஆறு. அங்கே நின்றால் மழை வருவது கண்ணுக்குத் தெரியும், ஓடி ஒதுங்கத்தான் இடம் இருக்காது.

ஆகவே எதைப் போட்டுக்கொண்டு போனாலும் நனைவீர்கள். குளிரும் பெரிதாக இல்லை, அதனால் நனைந்தால் ஒன்றும் ஆகிவிடாது. நனைந்தது மறுநாள் காலைக்குள் காயுமா என்பதுதான் பிரச்சினை. காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும் ஊரில் கொடியில் போட்ட துணி போட்டபடியே தொங்கும். மூட்டை கட்டும்போது நான் ஒவ்வொரு பொருளிடமும் கேட்பது இந்த ஒரு கேள்விதான்.

ரெயின்கோட்டில் ஆரம்பிக்கிறேன், எல்லாரும் அதிகம் செலவழிப்பது அதில்தான். வியர்வையை வெளியே விடும், மழையை உள்ளே விடாது என்று விற்கும் மெம்பரேன் ஜாக்கெட் ஒன்று என்னிடம் இருக்கிறது. லேபிளில் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கும். துணி எவ்வளவு உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கான கணக்கு அது. தண்ணீர் உள்ளே வரவில்லை என்பது உண்மை. ஆனால் வியர்வை ஆவி வெளியே போக வேண்டுமானால் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட உலர்ந்திருக்க வேண்டும். உடுப்பியில் ஜூலையில் அது நடக்காது. கால் மணி நேரம் நடந்தால் உள்ளே குளித்தது போல ஆகிவிடும். குளிர்நாட்டுக்கு நல்ல சாமான், இங்கே பணம் தண்டம். வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் வெளிப்புறத்தில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதும் நின்றுவிட்டது. அதற்கென்று விற்கும் ஸ்பிரேயை அடித்தால் திரும்ப வருகிறது, ஒரு மழைக்காலம் தாக்குப்பிடிக்கிறது.

சாதாரண நைலான் ரெயின்கோட்டுக்கு வேறு ஒரு வியாதி. உட்பக்கம் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சு ஈரமும் சூடும் சேர்ந்தால் மெல்ல மெல்லச் சிதையும். மடித்துப் பரணில் போட்டு வைத்தால் சென்னைக் கோடை அதை முடித்துவிடும். அடுத்த ஜூனில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும், வெள்ளை வெள்ளையாக உரிந்து சட்டையெல்லாம் அப்பிக்கொள்ளும். முதுகுப் பைகளின் உட்புறத்திலும் இதே பூச்சுதான், இதே கதிதான். மடிக்காமல் ஹேங்கரில், வெயில் படாத அலமாரியில் தொங்கவிட்டவை கூடுதலாக உழைக்கின்றன.

இப்போது நான் நம்புவது குடையை. அதிலும் வளைந்த கைப்பிடி வைத்த பெரிய நீளக் குடை. மூன்று மடிப்புக் குடை கைப்பைக்கு வசதி, கடற்கரைக் காற்றுக்கு ஆகாது. முதல் வீச்சிலேயே மலர்ந்துவிடும். இரும்புக் கம்பி வைத்தவை உப்புக் காற்றில் இணைப்புகளில் துருப்பிடித்து இறுகிவிடுகின்றன, ஃபைபர் கம்பி வைத்தவை வளைந்து கொடுத்துத் திரும்பிவிடுகின்றன. கொஞ்சம் விலை அதிகம், பரவாயில்லை. குடையும் ஒரு லேசான ரெயின்கோட்டும் இருந்தால் போதும். சாரல் பலமானால் ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். கோளிபஜே என்கிற மங்களூர் போண்டா சுடும் கடை ஏதாவது பக்கத்தில் இருக்கும்.

துணிமணிக்கு வருவோம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். ஒரு தடவை நனைந்தால் ஊர் திரும்பும் வரை காயாது, ஈரத்தோடு பையில் வைத்தால் மற்ற துணிக்கும் வாடை ஏறும். ரேயான் குர்த்தாவும் அப்படித்தான், தண்ணீரைக் குடித்துக்கொண்டு கனக்கும். விளையாட்டு டி-ஷர்ட் என்று விற்கும் மெல்லிய பாலியெஸ்டர், இரவு பிழிந்து ஃபேனுக்குக் கீழே போட்டால் விடியும்போது காய்ந்திருக்கும். அதன் குறை நாளாக ஆகத்தான் தெரியும்: வியர்வை வாடை துணியிலேயே தங்க ஆரம்பிக்கும், சோப்புக்குப் போகாது. வெள்ளை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து அலசினால் பெருமளவு போய்விடும். எங்களோடு வந்த என் அம்மா பழைய பூனம் சேலைகளை மட்டும் எடுத்து வந்தார். "நீங்கள்லாம் ஈரத்தோட அலையுங்கடா, என் சேலை காஞ்சு போச்சு" என்று சொன்னதை இன்னும் வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். உள்ளாடை மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு.

துவட்ட ஈரிழைத் துண்டு. டர்க்கி டவல் தடிமனாக இருப்பதால் இரண்டாம் நாளே நாறும். மலையேறுபவர்களுக்கென்று விற்கும் மைக்ரோஃபைபர் டவலும் வைத்திருந்தேன், சீக்கிரம் காய்கிறது, ஆனால் உடம்பில் இழுபடாமல் வழுக்குகிறது. ஈரிழைத் துண்டு நூறு ரூபாய் சொச்சம்தான், வருடக்கணக்கில் வருகிறது, தலைக்கும் கட்டிக்கொள்ளலாம். ஒரு கைலியும் ஒரு வேட்டியும் கூட இருக்கட்டும். உடுப்பி கிருஷ்ணன் கோயிலில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், கோகர்ணத்தில் மகாபலேஸ்வரர் சன்னதிக்கு வேட்டிதான் முறை.

பையில் தவறாமல் போடும் பொருள் ஒரு நீளமான நைலான் கயிறும் நாலைந்து கிளிப்பும். லாட்ஜ் அறையில் கொடி இருக்காது. ஜன்னல் கம்பிக்கும் கதவுக் கொண்டிக்கும் கட்டி, ஃபேன் காற்று படும் இடத்தில் இடைவெளி விட்டுத் தொங்கவிட வேண்டும். ஏசி அறை கிடைத்தால் இன்னும் நல்லது. ரிமோட்டில் டிரை மோட் என்று ஒன்று உண்டு, யாரும் தொடுவதில்லை. அதைப் போட்டு ஜன்னலை அடைத்துவிட்டால் அறையின் ஈரத்தையே உறிஞ்சி வெளியேற்றும். ஆனால் கேமரா வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தால் லென்ஸில் பனி படிந்துவிடும். பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி வெளியே கொண்டுவந்து, வெளிச்சூட்டுக்கு அது வந்த பிறகு கவரைப் பிரிக்க வேண்டும்.

காலுக்கு ஷூ வேண்டாம். உள்ளே தண்ணீர் போனால் செய்தித்தாளைத் திணித்தாலும் இரண்டு நாள் ஆகும். ஹவாய் செருப்பு பின்னங்கால் வரை சேற்றை வாரி அடிக்கும், பாசி பிடித்த செம்புறாங்கல் படியில் வழுக்கும். பின்பட்டை வைத்த, முழுக்க ரப்பரும் பிளாஸ்டிக்குமான மழைச் சாண்டல்தான் உள்ளூர்க்காரர்கள் காலில் இருப்பது. எனக்கும் அதுவே சரியாக வந்தது. விலை உயர்ந்த ட்ரெக்கிங் சாண்டலில் பட்டைகள் துணியால் ஆனவை, காய்வதற்கு முன் அடுத்த மழை வந்துவிடும். எதைப் போட்டாலும் இரவில் விரலிடுக்கைத் துடைத்து குளோட்ரிமசோல் பவுடர் போடுங்கள், இல்லாவிட்டால் சேற்றுப்புண் நிச்சயம். காலில் கீறல் இருந்தால் தேங்கிய தண்ணீரில் இறங்கவே வேண்டாம். எலிக்காய்ச்சல் பரவும் பருவம் அது. ஆகும்பே பக்கம் மலை ஏறுவதாக இருந்தால் அட்டைக்கு உப்புப் பொட்டலம்.

பையைப் பொறுத்தவரை, மேலே போடும் ரெயின் கவர் பாதி வேலைதான் செய்யும். தோள்பட்டை வழியாக முதுகுப் பக்கம் இறங்கும் தண்ணீரை அது தடுக்காது. உள்ளே ஒரு பெரிய தடித்த குப்பைப் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிட்டால் பை எவ்வளவு நனைந்தாலும் உள்ளே சொட்டு இருக்காது. போன், பவர் பேங்க், ஆதார், கொஞ்சம் ரொக்கம் இவற்றுக்கு ஜிப்லாக் கவர். ரொக்கம் ஏனென்றால் பலத்த மழையில் கரண்டும் போகும், நெட்வொர்க்கும் போகும், யுபிஐ நின்றுவிடும். டிராலி பெட்டி செம்மண் சேற்றில் உருளாது. உலோக ஜிப் உப்புக் காற்றில் இறுகும், மெழுகுவர்த்தியை அதன் பல்லில் தேய்த்துவிட்டால் ஓடும்.

நீச்சல் உடையை வீட்டிலேயே விடலாம், மழைக்காலக் கடல் குளிப்பதற்கானது இல்லை. மால்பேயிலிருந்து செயின்ட் மேரிஸ் தீவுக்குப் படகும் அப்போது ஓடாது. ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடையும் இருப்பதால், மீனுக்காகவே போகிறவர்கள் ஆகஸ்ட் நடுவில் போவது உத்தமம். கிளம்புவதற்கு முந்தின நாள் வானிலைத் துறை எச்சரிக்கையைப் பாருங்கள். சிவப்பு என்றால் 24 மணி நேரத்தில் 204.4 மி.மீ.க்கு மேல் பெய்யலாம் என்று அர்த்தம், அன்றைக்கு அறையிலேயே இருந்துவிடலாம்.

உடுப்பிக்கு வடக்கே ரயிலில் போனால் கொங்கண் ரயில்வே மழைக்காலத்துக்கென்று தனி அட்டவணை வைத்திருக்கிறது. வண்டிகள் வேகம் குறைத்து ஓடும், எனவே நேரத்தைப் பழைய டிக்கெட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஸ்லீப்பரில் சைடு லோயர் கிடைத்தால் ஷட்டர் இடுக்கு வழியாகச் சாரல் உள்ளே வரும். மிச்சமிருக்கும் குப்பைப் பை ஒன்றைக் கிழித்து ஜன்னல் ஓரமாகச் செருகிவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள்.