மழைக்கு ஒரு மிஸ்ஸிங், சூட்டுக்கு ஒரு மிஸ்ஸிங்: சிறு பிக்கப் வண்டியின் நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

குலசேகரம் பகுதியிலிருந்து வாழைக்குலைகளையும் ரப்பர் ஷீட்டையும் மார்த்தாண்டத்திற்கும் நாகர்கோவிலுக்கும் ஏற்றிச் செல்வதற்காக வாங்கப்பட்ட நான்கு சிலிண்டர் பிக்கப் இது. பிஎஸ்6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் நடைமுறைக்கு வந்த 2020-க்குப் பிந்தைய தயாரிப்பு; பெட்ரோலிலும் சிஎன்ஜியிலும் ஓடும். சிறு வண்டி என்ற அளவில் அதன் மீது பெரிய குறை இல்லை. இரு பக்கமும் மதில் எழுந்து நிற்கும் நம் கிராமச் சாலைகளில் எளிதாகத் திரும்புகிறது, மேட்டில் இரண்டாவது கியரில் லோடோடு நம்பிக்கையாக ஏறுகிறது. குளச்சலிலிருந்து மீன் பெட்டிகள் ஏற்றத் தொடங்கிய பிறகு பின்தட்டின் மூலைகள் துருப்பிடித்தன. உப்புத்தண்ணீர் வடியும் எந்த வண்டிக்கும் அது நேரும். இவற்றைவிட விரிவாகச் சொல்ல வேண்டியது, நெடுநாள் பிடி கொடுக்காமல் இருந்த என்ஜின் மிஸ்ஸிங்கைப் பற்றித்தான்; அதாவது, ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் என்ஜின் விட்டுவிட்டு அடிப்பது.

முதலில் அது தென்மேற்குப் பருவமழையின்போது தலைகாட்டியது. ஈரமான காலைகளில் வண்டி சற்றே குலுங்கும், செக் என்ஜின் விளக்கு எரியும், வெயில் ஏறியதும் சரியாகிவிடும். மழைக்காலம் முடிந்த பின்னரும் குலுக்கல் முழுவதுமாக நீங்கவில்லை. அதன் குணம் மட்டும் மாறியிருந்தது. காலையில் எந்தத் தொந்தரவும் இன்றிப் புறப்படும் வண்டி, மார்த்தாண்டம் சந்திப்பின் நெரிசலில் என்ஜின் நன்கு சூடேறிய நிலையில் நின்று நின்று நகரும்போது, ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் என்ஜின் ஓடும் நிலையில்) விட்டுவிட்டு அடிக்கும். ஆனால் ஆரல்வாய்மொழியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் வள்ளியூர் நோக்கிச் செல்லும்போது குறை எதுவும் இருப்பதாகவே தெரியாது. சிஎன்ஜியில் குலுக்கல் கூடுதலாகவும் பெட்ரோலில் குறைவாகவும் இருந்தது.

இந்தக் கடைசி அறிகுறியை வைத்துத்தான் பார்த்தவர்கள் அனைவரும், பிளக்கில் தீப்பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் காயில் மீது பழி போட்டார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. காற்றோடு கலந்த சிஎன்ஜியைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிடக் கூடுதலான மின்னழுத்தம் தேவைப்படுவதால், வலுவிழந்த காயிலோ தேய்ந்த பிளக்கோ முதலில் கேஸில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும். “அண்ணே, நாலு காயிலையும் மாத்திட்டா நிம்மதியா ஓட்டலாம்” என்று ஒரு ஒர்க்ஷாப்பில் சொன்னார்கள். நான்கையும் மாற்றுவதற்கு முன் ஒன்றை இடம் மாற்றிப் பார்ப்போம் என்று நான் கேட்டுக்கொண்டேன்.

கைப்பேசியோடு புளூடூத் வழியாக இணையும் சிறிய ஓபிடி கருவி (வண்டியின் கணினியில் பதிவாகும் குறைக் குறியீடுகளைப் படிப்பது) ஒன்றை அதற்கு முன்பே வாங்கியிருந்தேன். அதில் கிடைத்தவை இரண்டு குறியீடுகள்: பி0300, பி0303. முதலாவது, எந்தச் சிலிண்டர் என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி பல இடங்களில் மிஸ்ஸிங் நிகழ்கிறது என்பதைக் குறிக்கும். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டரைச் சுட்டும். வண்டியின் கணினி சிலிண்டருக்குள் எட்டிப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு வெடிப்பின்போதும், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு சற்றே வேகம் பெற வேண்டும். அந்த உந்துதல் வராத இடத்தைக் கிராங்க் சென்சார் வழியாகக் கணக்கிட்டே அது சிலிண்டர் எண்ணைச் சொல்கிறது. ஆகவே குறியீடு இடத்தைத் தான் காட்டும், காரணத்தை அல்ல. பிளக், காயில், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவு) ஆகிய எதில் குறை இருந்தாலும் அதே பி0303 வரும்.

மூன்றாவது சிலிண்டரின் காயிலை முதலாவதற்கும், முதலாவதன் காயிலை மூன்றாவதற்கும் மாற்றினோம். பிளக்கையும் அவ்வாறே மாற்றினோம். காயிலில் குறை இருந்திருந்தால் குறியீடு பி0301 ஆக இடம்பெயர்ந்திருக்க வேண்டும். அது மூன்றிலேயே நின்றது. இன்ஜெக்டரைப் பொறுத்தவரை கழற்றாமலே ஒரு முடிவுக்கு வர முடிந்தது. இவ்வகை வண்டிகளில் பெட்ரோலுக்கும் சிஎன்ஜிக்கும் தனித்தனி இன்ஜெக்டர் வரிசைகள் உண்டு. இரண்டு எரிபொருளிலும் அதே சிலிண்டரே அடிக்கிறது என்றால், இரண்டு வரிசையிலும் மூன்றாவது இன்ஜெக்டர் ஒரே நேரத்தில் கெட்டிருக்க வேண்டும்; அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. இரட்டை எரிபொருள் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாமல் கிடைக்கும் இந்தச் சோதனையை எந்த ஒர்க்ஷாப்பும் எனக்குச் சொல்லவில்லை என்பது இன்றும் வியப்பாக இருக்கிறது.

கலவையில் எரிபொருள் குறைவு என்று கருவி காட்டியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஃபியூவல் டிரிம் அளவு (கணினி எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பது) கூட்டல் பக்கம் ஏறியிருந்ததைக் கண்டு, காற்று உள்ளே போகும் இன்டேக் குழாயில் கசிவு இருக்கிறது என்று ஒருவர் முடிவுகட்டினார். ஆனால் மிஸ்ஸிங் நிகழும்போது எரியாத ஆக்சிஜன் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு எரிபொருள் போதவில்லை என்று தவறாகச் சொல்ல, கணினியும் எரிபொருளைக் கூட்டிவிடுகிறது. எனவே அந்த எண் பெரும்பாலும் மிஸ்ஸிங்கின் விளைவு. குழாய்களைச் சோதித்ததில் கசிவு எதுவும் இல்லை.

இதற்கிடையில் பி0300-க்கான காரணம் வேறிடத்தில் அகப்பட்டது. இந்த வண்டியில் என்ஜின் முன்னிருக்கைக்கு அடியில் இருப்பதால், சாலையில் தேங்கிய மழைநீர் கீழிருந்து எளிதாகத் தெறிக்கிறது. காயில் கப்ளர்களை (வயர் இணைப்பிகளை) கழற்றியபோது இரண்டில் ரப்பர் சீல் இறுகி வெடித்திருந்தது, பின்களில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. காயில்கள் அனைத்திற்கும் பொதுவான எர்த் வயர் என்ஜினோடு இணையும் இடத்திலும் துரு இருந்தது. கடற்காற்றும் மீன் பெட்டி உப்பும் சேர்ந்து செய்த வேலை இது என்று நினைக்கிறேன். சுத்தம் செய்து, சீல்களை மாற்றி, எர்த் முனையை உலோகம் தெரியும்வரை தேய்த்து முறுக்கிய பின் பி0300 திரும்பவில்லை. பி0303 மட்டும் அசையாமல் இருந்தது. இரண்டு வெவ்வேறு குறைகள் ஒரே நேரத்தில் இருந்ததனால்தான் ஒவ்வொருவர் சொன்னதும் பாதி சரியாகப்பட்டு, நோய் மட்டும் தீராமல் நீண்டிருக்கிறது.

குறியீடு பதிவான நொடியின் நிலவரத்தை வண்டியின் கணினி சேமித்து வைக்கும். கருவி வழியே அதைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் என்ஜின் முழுச் சூட்டில், ஐடிலிங் வேகத்தில் இருந்தது. மின்சாரக் குறை லோடு ஏறும்போதும் காட்டியிருக்க வேண்டும். சூடான ஐடிலிங்கில் மட்டும் அடித்து, வேகம் கூடினால் மறைவது, சிலிண்டரின் வாயைத் திறந்து மூடும் வால்வ் சரியாக மூடாததன் அடையாளம். வேகம் குறைவாக இருக்கும்போது கசிவதற்கு நேரம் அதிகம் கிடைக்கிறது, வேகம் கூடினால் அந்த நேரம் சுருங்கிவிடுகிறது.

நாகர்கோவிலில் வயதான மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோய்க் கம்ப்ரஷன் பார்க்கச் சொன்னேன். என்ஜினைச் சூடேற்றி, நான்கு பிளக்குகளையும் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அவர் அளந்தார். மற்ற மூன்று சிலிண்டர்களும் 180 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) அளவை ஒட்டி வந்தன. மூன்றாவது 120-ஐத் தாண்டவில்லை. அதற்குள் சிறிது என்ஜின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தபோது அளவு ஏறக்குறைய மாறவில்லை. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். அடுத்து, மூன்றாவது பிஸ்டனை மேல்நிலையில் நிறுத்திப் பிளக் துளை வழியே கம்ப்ரசர் காற்றைச் செலுத்தினார். ஆயில் ஊற்றும் வாயிலும் இன்டேக்கிலும் சத்தமில்லை, ரேடியேட்டரில் குமிழி இல்லை. சைலன்சர் முனையில் தெளிவான சீறல் கேட்டது. “எக்ஸாஸ்ட் வால்வுதான் தம்பி, சந்தேகமே வேண்டாம்” என்றார். எரிந்த புகையை வெளியேற்றும் வால்வ் அது.

சிஎன்ஜி உலர்ந்த வாயு. பெட்ரோல் துளிகள் தரும் குளிர்ச்சியும் மென்படலமும் அதில் கிடைக்காததால், வால்வ் சீட்டிங் (வால்வ் மூடும்போது அமரும் வளையம்) காலப்போக்கில் தேய்ந்து, வால்வ் சிறிது சிறிதாக ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல்மூடிக்குள்) இறங்குகிறது. அப்படி இறங்கும்போது அதன் தண்டு மேல்நோக்கி நகர்ந்து, அதை அழுத்தும் பாகத்தோடு இருக்க வேண்டிய டேப்பட் இடைவெளியைத் தின்றுவிடும். இந்த என்ஜினில் அந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. குளிர்ந்த நிலையில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துப் பார்த்தபோது, மூன்றாவதன் ஒரு எக்ஸாஸ்ட் வால்வில் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. சூட்டில் தண்டு நீளும்போது அந்த வால்வ் மூடவே முடியாது. மூடினால்தான் அதன் சூடு சீட்டிங் வழியே ஹெட்டுக்கு இறங்கும் என்பதால், மூடாத வால்வ் விளிம்பு கருகுகிறது. ஹெட்டை இறக்கியபோது விளிம்பில் ஒரு சிறு பள்ளம் கண்ணுக்கே தெரிந்தது.

எக்ஸாஸ்ட் வால்வுகளைப் புதிதாக்கி, சீட்டிங்கை லேத்தில் சீர்செய்து, பேஸ்ட் போட்டு உரசி, வால்வுக்குப் பின்னுள்ள வழியான போர்ட்டில் பெட்ரோல் ஊற்றி ஒழுகவில்லை என்று உறுதிசெய்த பின்னரே ஹெட்டை ஏற்றினார்கள். தேவையான தடிப்புள்ள டேப்பட்டுகள் வந்து சேரச் சில நாள் பிடித்தது. செலவு நான்கு காயில்களின் விலையை நன்றாகவே மிஞ்சியது. ஆயினும் இடைவெளி குறையத் தொடங்கிய காலத்திலேயே அளந்திருந்தால் டேப்பட் மாற்றத்தோடு முடிந்திருக்கும் என்று மேஸ்திரி சொன்னதை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு இரு பருவமழைகளையும் வண்டி கடந்துவிட்டது. சந்திப்புகளில் ஐடிலிங் சீராக நிற்கிறது, டிரிம் எண்கள் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கின்றன, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பற்றிய குறியீடு எதுவும் வரவில்லை. பேச்சிப்பாறைப் பக்கத்து ஏற்றங்களில் முழு லோடோடு ஏறும்போது மட்டும் பெட்ரோலுக்கு மாற்றிக்கொள்கிறேன். மற்ற இடங்களில் கேஸ்தான். 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எக்ஸாஸ்ட் டேப்பட் இடைவெளியை அளந்து குறித்து வைப்பதும், மே மாத இறுதியில் காயில் கப்ளர்களைக் கழற்றிப் பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன. சென்ற முறை அளந்ததில் மூன்றாவதும் நான்காவதும் லேசாக இறுகியிருந்தன, ஆனால் வரம்புக்குள்தான் இருக்கின்றன.