பாவித்த மீடியம் ஃபோர்மட் கமெரா வாங்குவோர் கவனத்திற்கு

கொழும்பில் பாவித்த கமெராக்களை விற்கும் ஒருவர், ஒளியைப் படமாக்கும் சென்சரில் எந்தக் குறையும் இல்லை என்று வாட்ஸ்அப்பில் எழுதி உறுதியளித்து, கீறல் விழுந்த சென்சருடன் கூடிய ஃபியூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர் கமெராவொன்றை எனக்கு விற்றுவிட்டார். அவருடைய விளம்பரங்கள் இன்றும் வந்துகொண்டிருப்பதால் இதை எழுதுகிறேன்.

2018இல் வெளிவந்த இந்த மீடியம் ஃபோர்மட் (பெரிய சென்சர் கொண்ட) கமெராவின் சென்சர் 43.8க்கு 32.9 மில்லிமீற்றர் அளவுடையது; 36க்கு 24 மில்லிமீற்றர் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சரைவிடப் பரப்பில் ஏறத்தாழ 1.7 மடங்கு பெரியது. எங்கள் திருகோணமலையின் சுவாமி மலையிலிருந்து விரியும் கடலையும் வானத்தையும் சுவர் நிறைய அச்சிட வேண்டும் என்ற ஆசையில், நெடுநாள் சேமிப்பைக் கொடுத்து வாங்கினேன். இத்தகைய கமெராவைத் திருகோணமலையில் கையில் எடுத்துப் பார்த்து வாங்க எனக்கு வழி கிடைக்கவில்லை; விற்பவர் அனுப்பும் மாதிரிப் படங்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

அந்தப் படங்களில்தான் சூது இருந்தது. அவர் அனுப்பியவை அனைத்தும் லென்ஸின் துவாரத்தை எஃப் 4 அளவுக்கு அகலத் திறந்து, பின்புலம் மங்கலாக எடுக்கப்பட்ட மணமக்கள் படங்கள். துவாரம் அப்படித் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வந்து விழுவதாலும், சென்சரின் பாதுகாப்புக் கண்ணாடி பிக்சல்களுக்குச் சற்று மேலே இருப்பதாலும், கண்ணாடியிலுள்ள கீறலின் நிழல் பரவிக் கரைந்துவிடும். துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் அதே நிழல் கூர்மையாக விழும். கமெரா வந்த அன்று மாலையே வீட்டு முற்றத்தில் நின்று வெறும் வானத்தை எஃப் 16இல் எடுத்தேன். ஒவ்வொரு படத்திலும் அதே இடத்தில் அதே இணைகோடுகள் தெரிந்தன.

ஊதுகுழலாலும் ஈரத் துடைப்பானாலும் அவை போகவில்லை. உருப்பெருக்கியில் பார்த்த திருத்துநர், முரட்டுத் துணியால் துடைத்ததில் கண்ணாடியின் மேற்பூச்சு கீறப்பட்டுள்ளது என்றும், சென்சர் தொகுதியையே வெளிநாட்டுக்கு அனுப்பி மாற்ற வேண்டும் என்றும் சொன்னார்.

விற்றவரோ, திருகோணமலைக் கடற்காற்றுத்தான் காரணம் என்றார். எங்கள் ஊர் உப்புக்காற்று கமெராக்களுக்குக் கேடானதுதான், மறுக்கவில்லை; ஆனால் உப்புப் படிவு நேர்கோடுகளாகக் கீறாது, ஒரே மாலையில் மேற்பூச்சை அரிக்கவும் செய்யாது. நேரம் பதிந்த மூலக் கோப்புகளை அனுப்பிய பிறகு அவர் என் எண்ணைத் தடுத்துவிட்டார். பற்றுச்சீட்டில் கமெராவின் தொடர் இலக்கத்தை எழுதாமல் விட்டதன் காரணம் அப்போதுதான் விளங்கியது: இந்தக் கமெராவைத் தான் விற்கவே இல்லை என்றும் இனி அவர் சொல்லலாம்.

பணம் அனுப்புமுன், எஃப் 16இலும் ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100இலும், குவியம் விலக்கி (வேண்டுமென்றே மங்கலாக்கி), அன்றைய வானத்தை எடுத்த படத்தின் மூலக் கோப்பைக் கேளுங்கள். கோப்பில் பதிந்திருக்கும் தொடர் இலக்கமும் பற்றுச்சீட்டில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். மணமக்கள் படங்களை மட்டும் காட்டி, வானத்தை எடுத்துத் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.