விண்டோ அமைப்பு சேவ் ஆகவில்லையா? மட்லெட், மஷ்கிளையண்ட், டின்டின்: ஓர் ஒப்பீடு

"விண்டோ அமைப்பு சேவ் ஆகுதில்லை" என்று யாராவது வந்தால், மட் விளையாட்டைத் திறக்கும் ப்ரோகிராம், அதாவது கிளையண்ட், எது என்று கேட்பதற்கு முன்பு நான் கேட்பது வேறொன்று. கடைசியாக அதை எப்படி மூடினீர்கள்? நீங்களாக மூடினீர்களா, கரண்ட் போய் அணைந்ததா? மட்டக்களப்பில் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் விளையாடுகிறவருக்கு, பாதி விடை அந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

நான் பேசுவது மட் எனப்படும் எழுத்து விளையாட்டுகளைப் பற்றி. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோ எழுதத் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த வகை. படம் கிடையாது. அறை, எதிரி, அரட்டை எல்லாம் எழுத்தாகவே ஓடி வரும். சண்டை சூடுபிடிக்கும்போது கூட்டாளி எழுதிய ஒரு வரி கண்ணில் படாமலே மேலே போய்விடும். அதனால்தான் அரட்டைக்கு ஒரு விண்டோ, வரைபடத்துக்கு ஒன்று, உயிர்ப்புள்ளிக்கு ஒரு பட்டை என்று பிரித்து வைக்கிறோம். அந்த ஒழுங்குக்கு ஒரு மாலை முழுக்கச் செலவாகும். மறுநாள் திறக்கும்போது எல்லாம் குலைந்து கிடந்தால், விளையாட்டே வேண்டாம் என்று போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் மூன்று பேர், மூன்று கிளையண்ட். கல்லடியில் என் மேசைக் கணினியில் மட்லெட். காத்தான்குடியில் என் நண்பரின் பழைய லப்டொப்பில் மஷ்கிளையண்ட். அக்கரைப்பற்றில் சித்தியின் மகன் டின்டின்++ வைத்திருக்கிறான், அதுவும் பெரும்பாலும் போனில். மூன்றையும் பல மாதம் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு, அழகையும் வசதியையும் விட எனக்கு இரண்டு கேள்விகள்தான் முக்கியமாகப் படுகின்றன. அமைப்பை எப்போது டிஸ்கில் எழுதுகிறது? எங்கே எழுதுகிறது?

முதலில் மட்லெட். விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இலவசம், லுவா மொழியில் ஸ்கிரிப்ட், அதாவது சிறு கட்டளைத் தொகுப்பு, எழுதலாம். புதிதாக வருபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். ஆனால் இதில் "விண்டோ" என்று நாம் சொல்வது ஒரே பொருள் அல்ல என்பதைப் புரிந்துகொள்ளாவிட்டால் வருடக்கணக்காகத் தடுமாறலாம். ஓரத்தில் ஒட்டவும் கழற்றவும் முடிகிற தனி விண்டோ ஒரு வகை. அதன் இடம் உங்கள் ப்ரொஃபைல் பைலுக்குள், அதாவது ஒரு விளையாட்டுக்கான உங்கள் அமைப்புகள் இருக்கும் பைலுக்குள், இல்லை. விண்டோ லேயவுட் என்ற பெயரில், .dat என்று முடியும் தனிப் பைல் ஒன்றில் இருக்கிறது. ப்ரொஃபைலை மட்டும் பிரதி எடுத்து வேறு கணினிக்குக் கொண்டுபோனால் ட்ரிகர்கள் (குறிப்பிட்ட வரி வந்ததும் தானாக ஓடும் கட்டளைகள்) வரும், விண்டோக்களின் இடம் வராது.

இரண்டாவது வகை, கெய்சர் என்ற பகுதியால் முதன்மை விண்டோவுக்குள்ளேயே வரையப்படும் பெட்டிகள். இவற்றின் இடம் எங்கேயும் சேமிக்கப்படுவதே இல்லை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஸ்கிரிப்டில் எழுதிய எண்ணின்படி புதிதாக வரையப்படும். இடம் மாறவேண்டுமானால் அந்த எண்ணை மாற்ற வேண்டும். சேவ் ஆகவில்லை என்று என்னிடம் வந்த முறைப்பாடுகளில் நிறைய இந்த வகைதான். உண்மையில் அங்கே பழுது எதுவும் இல்லை.

மூன்றாவது, அட்ஜஸ்டபிள் கண்டெய்னர். எலியால் இழுக்கலாம், பெருப்பிக்கலாம், இடமும் நினைவில் நிற்கும். ப்ரொஃபைல் போல்டருக்குள் அதற்கென ஒரு போல்டர், அதில் பெட்டியின் பெயரில் ஒரு பைல். பெயர்தான் இங்கே உயிர். பெட்டிக்கு நீங்கள் பெயர் வைக்காவிட்டால் மட்லெட் தானே ஒரு பெயரை உண்டாக்கிக்கொள்ளும். அடுத்த முறை வேறு பெயர் வந்தால், நேற்றைய பைல் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும். நான் பெயரை விட்டுவிட்டு இரண்டு வாரம் அலைந்தேன்.

கரண்ட் பிரச்சினைக்கு வருவோம். கண்டெய்னர் தானாக எழுதுவது ப்ரோகிராமை ஒழுங்காக மூடும்போது. 2022இல் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில்கூட நேரம் அறிவித்திருந்தார்கள், மூடிவிட்டு எழும்பலாம். சொல்லாமல் போகிற கரண்ட்தான் ஆபத்து. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் போனதே, அன்று நான் புதிதாக அடுக்கிய வரைபட விண்டோ, இரண்டு அரட்டைப் பெட்டி எல்லாம் போயின. அதற்குப் பிறகு பழகிக்கொண்டது: பெட்டியை நகர்த்திய கையோடு அதன் தலைப்பில் வலது கிளிக் செய்து சேவ் கொடுத்துவிடுவேன். அந்த நொடியே எழுதப்படும். ஒட்டும் விண்டோவுக்கு, கட்டளை வரியில் lua saveWindowLayout() என்று எழுதினால் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டையும் செய்யும் டைமர் ஒன்றும் இப்போது வைத்திருக்கிறேன்.

நண்பரின் கதை வேறு. லப்டொப்பில் பட்டரி இருப்பதால் கரண்ட் அவருக்குப் பொருட்டே இல்லை. "ஒழுங்காத்தான் மூடுறன் மச்சான், மறுகா திறந்தா எல்லாம் பழைய இடத்திலதான் நிக்குது" என்றார். ஒரு நாள் சேவ் ஆகுமாம், ஒரு நாள் ஆகாதாம். இப்படி மாறி மாறி நடந்தால் நான் சந்தேகிப்பது போல்டரைத்தான்.

மஷ்கிளையண்ட் நிக் கமன் எழுதிய விண்டோஸ் ப்ரோகிராம். விண்டோஸின் பழைய காலத்திலிருந்தே இருக்கிறது. பொது அமைப்புகளைத் தான் இருக்கும் போல்டரிலேயே எஸ்க்யூலைட் என்ற வகைத் தரவுத்தளப் பைல் ஒன்றில் எழுதும். பிளகின்களின் (கிளையண்டோடு சேர்த்துக்கொள்ளும் சிறு ப்ரோகிராம்களின்) நிலையும் அதே போல்டருக்குக் கீழேதான். ஆனால் விண்டோஸ் விஸ்டாவிலிருந்து, சாதாரணமாகத் திறந்த ப்ரோகிராம் எதுவும் ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள் எழுத முடியாது. பழைய 32 பிட் ப்ரோகிராம் எழுதப் பார்த்தால், விண்டோஸ் அதைத் தடுத்ததாகச் சொல்லாமல், உங்கள் பயனர் போல்டருக்குள் வெர்ச்சுவல் ஸ்டோர் என்ற மறைவான இடத்தில் ஒரு பிரதியை எழுதிவிடும். இனி ஒரு நாள் அட்மினாகத் திறந்தால் உண்மையான பைலைத் தொடுவீர்கள், மறுநாள் சாதாரணமாகத் திறந்தால் மறைவான பிரதியைப் பார்ப்பீர்கள். இரண்டு பைல், இரண்டு அமைப்பு.

திருத்தம் எளிது. மஷ்கிளையண்ட் போல்டர் முழுவதையும் டொக்யுமென்ட்ஸுக்கோ, டி டிரைவில் ஒரு தனிப் போல்டருக்கோ மாற்றிவிட்டு, இனி அட்மினாகத் திறப்பதை நிறுத்த வேண்டும். அப்புறம் இன்னொன்றும் பார்க்க வேண்டும். சிறு விண்டோக்களை வரையும் பிளகினின் தலைப்பகுதியில், நிலையைச் சேமிக்கும் பண்புக்கு ஆம் என்பதற்கான y என்ற ஆங்கில எழுத்து இருக்கிறதா? அது இல்லாவிட்டால் போல்டர் எவ்வளவு சரியாக இருந்தாலும் இடம் நினைவில் நிற்காது. நண்பருக்கு இரண்டும் பிழையாக இருந்தன. இரண்டையும் சரிசெய்த நாளிலிருந்து முறைப்பாடு இல்லை.

மட்லெட்டை விட மஷ்கிளையண்ட் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தப் போல்டரை அப்படியே பென்டிரைவில் போட்டுக்கொண்டு எங்கேயும் ஓட்டலாம். சில கணினி நிலையங்களில் மெஷினை மறுபடி போட்டதும் டிஸ்க் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அங்கே எந்தக் கிளையண்டை நிறுவினாலும் அமைப்பு தங்காது. பென்டிரைவில் இருப்பது தங்கும்.

தமிழர்களுக்கே வரும் ஒரு சிக்கலையும் இங்கே சொல்லவேண்டும். விண்டோஸில் கணக்குத் திறக்கும்போது பெயரைத் தமிழில் கொடுத்தால், பயனர் போல்டரும் தமிழ்ப் பெயரிலேயே அமையக்கூடும். பழைய விண்டோஸ் எழுத்துக் குறியீட்டு முறையில் தமிழுக்கு இடமே இருக்கவில்லை. தமிழ் யுனிகோடில் மட்டும்தான். யுனிகோட் அறியாத பழைய ப்ரோகிராம்களுக்கு அந்தப் பாதை வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும், பைலைத் திறக்க முடியாது. பெயரைத் தமிழில் வைப்பதை நான் ஒருநாளும் தடுக்கமாட்டேன். பழைய கிளையண்டை மட்டும் ஆங்கில எழுத்துப் பாதையுள்ள போல்டரில் வைத்தால் சரி.

இனி அக்கரைப்பற்று. டின்டின்++ டெர்மினலில், அதாவது கட்டளைகளை எழுத்தாகவே கொடுக்கும் திரையில், ஓடுவது. இழுத்து நகர்த்த விண்டோவே இல்லை. திரையைப் பிரிப்பது டிமக்ஸ் என்ற இன்னொரு கருவி. தம்பி அரட்டை வரிகளை ஒரு லொக் பைலுக்கு (பதிவுப் பைலுக்கு) அனுப்பி, பக்கத்துப் பகுதியில் அந்தப் பைலின் கடைசி வரிகளைத் தொடர்ந்து காட்டச் செய்திருக்கிறான். எலியால் எல்லையை இழுத்தால் அந்த அளவு டிமக்ஸ் உயிரோடு இருக்கும்வரைதான். நிரந்தரமாக வேண்டுமானால் பிரிக்கும் கட்டளைகளை ஒரு ஸ்கிரிப்டில் எழுதி வைத்து அதையே ஓட்டவேண்டும். முதலில் கஷ்டமாகத் தெரியும். ஆனால் அமைப்பு என்பது உங்கள் கையால் எழுதிய சிறு எழுத்துப் பைல். ஓடும்போது ப்ரோகிராம் அதைத் தொடுவதே இல்லை, அதனால் கரண்ட் போனாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இதை மற்ற இரண்டாலும் தர முடியாது.

ஒரேயொரு எச்சரிக்கை. டின்டினின் ரைட் கட்டளை அந்த நேரத்தில் நினைவிலுள்ள ட்ரிகர், அலியாஸ் (கட்டளைக்கு நீங்கள் வைத்த சுருக்கப் பெயர்) எல்லாவற்றையும் ஒரே பைலில் கொட்டும். கையால் எழுதி, குறிப்புச் சேர்த்து வைத்த பைலின் மேல் அதைப் பாய்ச்சினால் குறிப்புகள் போய்விடும். வேறு பெயரில் எழுதுங்கள்.

மட்லெட், மஷ்கிளையண்ட் இரண்டுக்கும் பொதுவான இரண்டு விஷயம். ஒரே ப்ரொஃபைலை இரண்டு இடத்தில் திறந்தால், கடைசியாக மூடியது முதல் மூடியதை அழித்து எழுதும். வெளி மொனிட்டரைக் கழற்றிய பிறகு விண்டோ காணாமல் போனால், அது சேவ் ஆகித்தான் இருக்கிறது, இல்லாத திரையில். விண்டோஸ் விசையோடு ஷிஃப்டும் இடது அல்லது வலது அம்புக்குறியும் அழுத்திப் பாருங்கள், பெரும்பாலும் திரும்பி வரும்.

எது நல்லது என்று கேட்டால், யூபிஎஸ் இல்லாத வீட்டில் புதிதாகத் தொடங்குகிறவருக்கு மட்லெட், கண்டெய்னருக்குப் பெயரும் கையோடு சேவும் கட்டாயம். பழைய லப்டொப்பும் பென்டிரைவும்தான் கதி என்றால் மஷ்கிளையண்ட். டெர்மினலுக்குப் பயப்படாதவருக்கு டின்டின், இன்னும் முடிந்தால் அதை வெளியே ஒரு சர்வரில் டிமக்ஸுக்குள் ஓட விடுங்கள். வீட்டில் கரண்ட் போனாலும் ஆட்டமே துண்டிக்காது.

எதை எடுத்தாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு விண்டோவை நகர்த்துங்கள், உங்கள் முறைப்படி சேவ் கொடுங்கள், டாஸ்க் மனேஜரில் ப்ரோகிராமை நேரடியாக நிறுத்துங்கள். கரண்ட் போவதற்கு இதுதான் ஒத்திகை. திறந்து பார்த்து நகர்த்திய இடத்தில் நின்றால் மிச்ச விண்டோக்களை அடுக்கத் தொடங்கலாம். போன வாரம் தம்பியிடம் இதைச் செய்யச் சொன்னேன். "அண்ணா, என்ட ஸ்கிரிப்ட் பைல நான்தானே எழுதினன், அது எங்க போகும்?" என்றான். சரிதான் என்று விட்டுவிட்டு, என் கணினியில் டைமரை ஐந்து நிமிடத்திலிருந்து இரண்டாகக் குறைத்தேன்.